அட்டென்ஷனில் நிற்காத தேயிலை

எங்கள் நோர்வூட் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பட்டாளத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்களுக்குத்தான் கணக்கில்லை. சண்டை எங்கே நடந்தாலும் சரி, வாட்டர்லூவோ பர்மாவோ முல்லைத்தீவோ, அது முடிந்து சீருடையை மடித்து வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று முழிக்கிற ஒருவர் எப்படியோ இந்த மலைக்கு ஏறி வந்துவிடுவார். வந்த மறுநாள் காலையில் நாங்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

இதைத் தொடங்கி வைத்த புண்ணியவான் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ். 1815இல் வாட்டர்லூவில் காயம்பட்ட தளபதி. 1824 முதல் 1831 வரை இலங்கையை ஆண்டவர். கண்டிக்கு ரோடு போட்டார். கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் போட்டார். கோப்பிக்கு வரிச்சலுகையும் கொடுத்தார். சலுகையைக் கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒன்றுதானே என்று கேட்க அப்போது பத்திரிகைக்காரன் இல்லை. சம்பளம் கட்டுப்படியாகாத அதிகாரிகளெல்லாம், கோட்டுப் போட்டவர் தொப்பி போட்டவர் என்ற பேதமில்லாமல், ஏக்கர் 5 சிலிங்குக்குக் காட்டை வாங்கிப் போட்டார்கள். இன்றைக்கு நுவரெலியாவில் கிராண்ட் ஹோட்டல் என்று நிற்கிறதே, அதற்கு மூலக்கட்டடம் பார்ன்ஸ் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு. வேலையை விடுவதற்கு முன்பே ஓய்வுக் காலத்துக்கு வழி பார்த்துக்கொள்வதில் அந்தத் தலைமுறையை மிஞ்ச ஆளில்லை.

மேஜர் ரோஜர்ஸ் என்று ஒருவர். பதுளையில் அரசாங்க உதவி ஏஜன்ட். ஊவாவுக்கு ரோடு போட்டவர். ஒழிந்த நேரத்தில் யானை சுட்டார். ஒழிந்த நேரம் நிறைய இருந்திருக்கும் போல. சுட்டது ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். பிறகு நுவரெலியாவில் அவருடைய கல்லறை மேலும் இடி விழுந்ததாக ஊரில் ஒரு பேச்சு. இயற்கையைப் பேணும் அபிவிருத்தி பற்றி அந்த நாளில் மனிதர்களுக்கு ஒன்றும் தெரியாது. இடிக்குக் கொஞ்சம் விவரம் இருந்திருக்கிறது.

1869இல் கோப்பி இலையில் காவி நிறத் தூள் விழுந்தது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி போய்விட்டது. எங்கள் டிக்கோயா, பொகவந்தலாவைச் சரிவெல்லாம் தேயிலை ஏறியது. தோட்டத்துரைகள் 1900இல் தங்களுக்கென்றே ‘சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்’ என்று ஒரு படை வைத்துக்கொண்டார்கள். 1914 கடைசியில் அதிலிருந்து இருநூற்றுச் சொச்சம் பேர் கப்பலேறி எகிப்துக்கும், அடுத்த ஆண்டு கலிப்போலிக்கும் போனார்கள். துரை பட்டாளத்துக்குப் போவதும் பட்டாளத்துக்காரர் துரையாக வருவதும் ஒரே ரோட்டில் இரண்டு பக்கமும் ஓடும் பஸ் மாதிரி 1949 வரைக்கும் நடந்தது. அந்த ஆண்டு படையைக் கலைத்தார்கள். அதற்கு முந்தின ஆண்டுதான் மலையகத் தமிழரான எங்கள் குடியுரிமையைக் கலைத்திருந்தார்கள். படைக்காரர்களுக்கு விருந்தோடு விடைகொடுத்தார்கள் என்று கேள்வி.

எனக்கு நேரில் தெரிந்த முதல் பட்டாளத்துக்காரர் எங்கள் பெரியதுரை. அறுபதுகளின் தொடக்கம், காசல்ரீ அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அப்பா பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். அதனால் மற்றப் பிள்ளைகள் தூர நின்று பார்த்த துரையை நான் குசினி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்ட கெப்டன். சண்டை முடிந்து ஊருக்குப் போனால் அங்கே குளிர், ரேஷன், வேலையில்லை. யாரோ மாமன் சொல்லி சின்னத்துரையாக இங்கே வந்து, வேலை பழகி, பெரியதுரையாகிவிட்டார். வேலை பழகுவதென்றால் அவர்களுக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம். என் அம்மாவுக்கு வேலை பழக அரை நாள் கொடுத்தார்கள். அதிலும் கொழுந்து குறைந்ததென்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டார்கள்.

துரையின் பூட்ஸ் ஜோடிகள் படிக்கட்டில் பனிக்காலத்திலும் பளபளவென்று வரிசையாக நிற்கும். ரோசாப் பாத்திகூட வரிசைதான். ஒரு செடி முன்னே தள்ளி வளர்ந்தால் தோட்டக்காரருக்கு ஏச்சு. வேலைக்கு ஆள் பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டுக்களத்துக்கு அவர் வரும்போது கங்காணிகள் கம்பளியை ஒரே மாதிரி மடித்துத் தோளில் போட்டிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு எங்களைப் பார்ப்பார். பிந்தி வந்த பெண்ணைத் திருப்பி அனுப்புவார். அன்றைய பேர் போச்சு. அவள் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு ஓடி வந்தவளாக இருப்பாள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மனுஷனுக்கு மண் தெரியும். மழை பெய்யும்போது குடையில்லாமல் மலைக்குப் போய் கானில் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடுகிறது என்று நின்று பார்ப்பார். சிவந்து ஓடினால் அந்த வாரமே கான் வெட்டுக்கு ஆள் போகும். முள்முருக்கைக் கழித்து அதன் தழையைத் தூருக்குப் போட வைப்பார். புதுக்கன்று வைக்கும் முன்பு குவாத்தமாலாப் புல்லைப் போட்டு ஒன்றரை, இரண்டு வருஷம் நிலத்தை ஆறப் போடுவார். நிலம் களைத்துவிடுமாம். அதற்கு லீவு வேண்டுமாம். அப்பா இதைக் கேட்டுவிட்டு வீட்டில் வந்து சொன்னார்: “துரை நாலாம் நம்பர் மலைக்கு ரெண்டு வருஷம் லீவு குடுத்திருக்காரு. நம்மளும் மலையா பொறந்திருக்கலாம்.”

இப்போதெல்லாம் தோட்டத்து வாசலில் பச்சைத் தவளை முத்திரை போட்ட பலகை தொங்குகிறது. ஓடைக்குப் பக்கத்தில் மருந்து அடிக்காதே, மிருகத்தை வேட்டையாடாதே, கானைப் பேணு என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. கெப்டன் துரை அதில் பாதியைப் பலகை இல்லாமலே செய்தார். மீதிப் பாதி, அதாவது தொழிலாளியின் வீடு, கக்கூஸ், முதுகெலும்பு பற்றிய பாதி, அவருக்கும் தோன்றவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா மழைக்கு ஒழுகியபோது அதன் நிறம் என்னவென்று பார்க்க அவர் வந்ததில்லை.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. துரைமார் கப்பலேறினார்கள். எனக்கு அந்த நேரத்தில்தான் ஆபீசில் கிளாக்கர் வேலை கிடைத்தது. எண்பதுகளில் எங்களுக்கு வாய்த்த மனேஜர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, நம் நாட்டுக்காரர். தேயிலையை அதுவரை கோப்பைக்குள்தான் பார்த்திருப்பார் என்பது என் அனுமானம். வந்த கையோடு தோட்டத்துப் படத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு மலைக்கும் வெவ்வேறு நிறத்தில் கொடியூசி குத்தினார். களை எடுப்பதற்கு ‘ஒப்பரேஷன்’ என்று பெயர். முதலாம் கட்டம், இரண்டாம் கட்டம், சுற்றிவளைப்பு. தினமும் மாலை நான் ‘நிலைமை அறிக்கை’ தட்டச்சு செய்ய வேண்டும். எதிரி யார் என்பதுதான் கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. சில நாள் களை மாதிரித் தெரிந்தது. சில நாள் தொழிற்சங்கத் தலைவர் மாதிரித் தெரிந்தது.

தேயிலை மட்டும் அவர் கட்டளைக்குக் கட்டுப்படவில்லை. அது மழைக்குத் துளிர்த்தது, பனிக்குக் கருகியது, கவ்வாத்துக் கத்தி பட்ட பிறகு தன் இஷ்டத்துக்கு மாதக்கணக்கில் சும்மா நின்றது. மலைநாட்டில் கவ்வாத்து வெட்டிய மலை மறுபடி கொழுந்து தர நாளாகும் என்று டீமேக்கர் விளக்கியபோது, “யார் இதற்கு அனுமதி கொடுத்தது?” என்று கேட்டார். ஆபீசில் எல்லோரும் மேசைக்கடியில் எதையோ தேடினோம்.

அவரும் கெட்டிக்காரர்தான். சில வருஷத்தில் கொழும்புக்குப் போய்க் காவல் கம்பெனி தொடங்கிவிட்டார். நாடு போன போக்குக்கு அது தேயிலையைவிட நன்றாகத் துளிர்த்தது. வங்கி வாசலில், ஆஸ்பத்திரி வாசலில், சுப்பர் மார்க்கெட் வாசலில் எங்கே பார்த்தாலும் சீருடை. 1998இல் தனியார் காவல் தொழிலை முறைப்படுத்த ஒரு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதிகாரியாக ஓய்வுபெற்றவர் கம்பெனி நடத்துவார், சிப்பாயாக ஓய்வுபெற்றவர் அந்தக் கம்பெனியில் வாசலில் நிற்பார். சீருடையைக் கழற்றினாலும் படிநிலை கழல்வதில்லை.

அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் பையன்கள் புறக்கோட்டைக் கடைகளில் வேலைக்கு நின்றார்கள். நானும் அவர்களைப் பார்க்கப் போவேன். சோதனைச் சாவடியில் இறக்கி, அடையாள அட்டையைப் புரட்டி, “எங்கிருந்து?” என்பார்கள். “நோர்வூட்.” “நோர்வூட் எங்கே இருக்கிறது?” நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் இடம் என்று சொல்ல வாய் வரும். வந்த வாயை மூடிக்கொண்டு “ஹட்டனுக்குப் பக்கம் மாத்தையா” என்பேன்.

பட்டாளத்திலிருந்து சிவில் வாழ்க்கைக்கு வந்தவர்களில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் கோட்டாபய ராஜபக்ச. 1971இல் படையில் சேர்ந்து 1991இல் லெப்டினன்ட் கேணலாக விலகினார். கணினி படித்தார். 1998இல் அமெரிக்காவுக்குப் போய் லாஸ் ஏஞ்சலஸில் லொயோலா சட்டக் கல்லூரியின் கணினிகளைப் பார்த்துக்கொண்டார். இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால், ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்கு வழிகாட்டும் கூட்டங்களில் உதாரணமாகக் காட்டத்தக்க வாழ்க்கை. 2005இல் திரும்பி வந்து பாதுகாப்புச் செயலாளரானார், 2019 நவம்பரில் ஜனாதிபதியானார். சுகாதார அமைச்சுக்கும் விவசாய அமைச்சுக்கும் மேஜர் ஜெனரல்கள் செயலாளர்களாக வந்தார்கள். நாடே ஒரு பெரட்டுக்களம்.

அவருடைய தேர்தல் அறிக்கையில் பத்து வருஷத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவதாக இருந்தது. பத்து வருஷம் என்பது மண்ணுக்குத் தெரிந்த கணக்கு. 2021 மே மாதம் அந்தப் பத்து வருஷம் ஒரே வர்த்தமானி அறிவித்தலுக்குள் அடங்கிவிட்டது. ரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை. விடிந்தால் நாடு முழுக்க இயற்கை. உலகத்துக்கே முன்னோடி.

நான் அப்போது ஓய்வுபெற்று வீட்டோடு இருந்தேன். பழைய கிளாக்கர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து; அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெருவில் அது 2 சதவீதம் இருந்தால் பெரிய விஷயம். ஆக ஒரு மூட்டை யூரியா செய்கிற வேலைக்கு 1,150 கிலோ எரு வேண்டும். அவ்வளவு எருவுக்கு மாடு எங்கே, தழை எங்கே? இருந்தாலும் நாலாம் நம்பர் மலை உச்சிக்கு அதைச் சுமந்து ஏற்றப் போவது யார்? அந்த வருஷம் மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் போட்டிருந்தார்கள். போட்ட சூட்டோடு பல தோட்டங்களில் 18 கிலோவாக இருந்த கொழுந்து அளவை ஏற்றிவிட்டார்கள். நிலத்தைப் பேணும் திட்டம் மேலே இருந்து இறங்கி வரும்போது, கடைசியில் அது உட்கார்கிற இடம் ஒரு பெண்ணின் முதுகு.

அக்டோபரில் தேயிலைக்குத் தளர்த்தினார்கள், நவம்பரில் தடையை முழுக்க எடுத்தார்கள். அதற்குள் உரத்தின் விலை மலையைவிட உயரத்துக்குப் போய்விட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல் 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. கால் நூற்றாண்டில் காணாத இறக்கம். அந்த ஜூலையில் ஜனாதிபதியும் இறங்கிவிட்டார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கூட்டெரு நல்ல விஷயம். அந்த ஏழு மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ‘இயற்கை உரம்’ என்று வாயெடுத்தாலே ஆட்கள் சிரிக்கிறார்கள். கூட்டெருவுக்கு அடுத்த தலைமுறை வரைக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சிரிக்காத ஆள் ஒருவர் உண்டு. அவரும் பட்டாளம்தான்.

ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, ஒரு கையெழுத்துக்காகப் போனபோது வாசலில் புத்தகத்தோடு எழுந்து நின்றார். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர். காவல் கம்பெனிச் சீருடை, ஆனால் நிற்கிற நிலை அசல். “பேர்? எங்கிருந்து?” என்றார். நாற்பது வருஷம் வேலை பார்த்த ஸ்டோர் வாசலில் என்னைப் பார்த்து! “நோர்வூட்” என்றேன். “இதுதானே ஐயா நோர்வூட்?” என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் பழக்கமானோம். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் கோப்ரல் மாத்தையா.

22 வருஷம் படையில் இருந்துவிட்டுப் பென்சனோடு வந்தவர். பொறியியல் பிரிவு, போர் முடிந்த பிறகு வன்னியில் கண்ணிவெடி எடுத்திருக்கிறார். போர் முடிவதற்கு முன்பு என்ன எடுத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாற்பது வயதில் பென்சன் என்பதைக் கேட்டு தொழிலாளர் லயத்தில் வாய் பிளந்தார்கள். எங்களில் ஒருத்தி பதினெட்டில் பேர் பதிந்தால் ஐம்பத்தைந்து, அறுபது வரை கூடை தூக்க வேண்டும். விலகும்போது சேமலாப நிதி மொத்தமாக வரும். மகள் கல்யாணத்தோடு மொத்தமாகப் போகும். அதற்குப் பிறகு கொந்தரப்புக்குக் கொழுந்து எடுக்க அதே மலைக்குப் போவாள்.

காவல் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் காலும், நிற்பதற்குக் கிடைக்கிற காசைப் பார்த்தால் மனசும் வீங்குகிறது என்றார். லயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு துண்டில் மரக்கறி போட்டார். எருக்குவியல் கட்டினார். அதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலு பக்கமும் முளையடித்து, கயிறு கட்டி, தேதி எழுதின அட்டை தொங்கவிட்டிருந்தார். புல் ஓர் அடுக்கு, சாணி ஓர் அடுக்கு, முருக்கந்தழை ஓர் அடுக்கு; ஸ்கேல் வைத்த மாதிரி. நாற்றம் நோர்வூட் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனது.

பக்கத்து லயத்து ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். வீட்டில் இரண்டு மாடு. குடைக்கம்பி ஒன்றைக் கொண்டுவந்து குவியலுக்குள் முழுதாகச் சொருகினார். கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றார். கம்பியை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“செத்துப் போச்சு தம்பி. சூடே இல்ல. இப்புடித் தண்ணிய ஊத்துனா மூச்சு எப்புடி விடும்? கெளறு.”

“எப்ப கிளறுறது ஆச்சி? எத்தனை நாளைக்கு ஒருக்கா?”

“நாளெல்லாம் எனக்குத் தெரியாது. கம்பி சுட்டா வுடு. ஆறுனா கெளறு.”

அட்டையையும் தேதியையும் கோப்ரல் அன்றே கழற்றிவிட்டார். மண்ணை விரல் நுனியால் தடவி வேலை செய்தவருக்கு அந்தப் பேச்சு பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். இப்போது குவியல் நாறுவதில்லை. மழை விட்ட காட்டின் வாசனை. காலையில் ஆவி பறக்கும். நாற்றுமேடைக்காரர்களும் மரக்கறித் தோட்டக்காரர்களும் மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்கள். ஹோட்டலாக மாறிய பங்களா ஒன்றின் ரோசாத் தோட்டத்துக்கும் போகிறது. 2005 முதல் இந்தப் பள்ளத்தாக்கில் துரைமாரின் பங்களாக்கள் டொலருக்கு வாடகைக்குப் போகின்றன. வெள்ளைக்காரர்கள் விருந்தாளிகளாக வந்து, தாத்தன் இருந்த திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

கோப்ரல் இப்போது காவல் வேலையை விட்டுவிட்டார். தன்னோடு விலகிய இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார். இன்னும் வருவார்கள், இரண்டு லட்சம் பேர் கொண்ட ராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஒரு லட்சமும் மலையேறி வந்தால் சாணிக்குத் தட்டுப்பாடு வருமே என்பது ஆச்சியின் கவலை.

போன மாதம் கூலி பேசினார்கள். நான் சாட்சி. கோப்ரல் நியாயமான மனுஷன். ஆச்சியைச் சும்மா வேலை வாங்கக் கூடாதென்று, தோட்டத்துச் சம்பளத்தை அப்படியே நாட்கூலியாகத் தருவதாகச் சொன்னார். காலை ஏழரைக்கு வரவேண்டும், கொப்பியில் பேர் பதிய வேண்டும். கொப்பியையும் கொண்டுவந்திருந்தார், கோடு போட்டு, ‘வரவு’ என்று தலைப்பு எழுதியது.

ஆச்சி கொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரெல்லாம் போட வேணாம் தம்பி. பேர் போட்டா நாளைக்கு அரைப்பேரும் போடுவ. மூட்டைக்கு எவ்வளவு, அதச் சொல்லு.”

“மூட்டைக்கு நூறு, ஆச்சி.”

“சாணி யாரோட மாட்டுது?”

கோப்ரல் என்னைப் பார்த்தார். நான் ஓய்வுபெற்றவன், இதில் எனக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்தேன்.

“நூத்தம்பது” என்றார்.

“இருநூறு. ஏழரைக்கெல்லாம் வர மாட்டேன், மாடு கறக்கணும்.”